குறுக்கே ஒரு கயிறு

நான் ஐந்தடி பத்தங்குலம். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதை ஏதோ தீராத வியாதியைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னாள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் நிற்கிற படங்களில் எல்லாம் என் முழங்கால் மடங்கியிருக்கிறது. போட்டோகிராபர் அப்படித்தான் நிற்கச் சொன்னார், பட்டுப்புடவை மறைத்துவிட்டது. பஸ்ஸில் தலையைப் பார்த்துக்கொள், வாசலில் குனிந்து வா, குரூப் போட்டோவில் நீ உட்கார்ந்துகொள் என்று கேட்டுக் கேட்டே முப்பதைத் தாண்டிவிட்டேன். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு குளிக்கிற இடத்திலாவது நிமிர்ந்து நிற்கலாம் என்று நினைத்தேன். பெங்களூர் காக்ஸ் டவுன் வாடகை வீட்டில் அதற்கும் வழியில்லை.

பழைய வீடு. நான்கு போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாடியில் வீட்டுக்காரம்மா இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய, கணவரை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் போவார். எங்கள் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. கீழே பின்பக்கப் போர்ஷன் எங்களுடையது. அதன் பாத்ரூமுக்குள் நானும் ஒரு பக்கெட்டும் போய்விட்டால் கதவைச் சாத்துவதே பெரும்பாடு.

அந்த இடத்துக்குள்தான் குறுக்கே, ஆணிக்கு ஆணி, ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. நாங்கள் குடிவந்தபோதே இருந்தது. அதில் என்ன காயப்போட வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரா, ஜட்டி, உள்பாவாடை. யாராவது விருந்தாளி கை கழுவ வந்தால் கண்ணில் படக்கூடாதே, அதனால் அவற்றின்மேல் ஒரு பழைய துண்டு. கயிறு சரியாக என் முகவாய்க்கு நேரே போயிற்று. தினமும் காலையில் ஈரத் துண்டு மூக்கில் உரச, முதுகை வளைத்து, கயிற்றுக்கு அடியில் நின்று குளித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளிடம் நிமிர்ந்து உட்காருங்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

மழைக்காலம் வந்தது. பெங்களூர் மழைக்கு ஓயவும் தெரியாது, ஒழுங்காகப் பெய்யவும் தெரியாது. ஜன்னல் என்ற பெயரில் இருந்த ஓட்டை வழியாகக் காற்று வரவில்லை. திங்கட்கிழமை போட்டது புதன்கிழமையும் ஈரமாகவே இருக்கும். அதையே உடுத்திக்கொண்டு ஓடுவேன். அரிப்பு வந்தது. வகுப்பில் நிற்கவும் முடியாமல், சொறியவும் முடியாமல் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இன்னர்ஸெல்லாம் எங்கம்மா காயப்போடுறீங்க?"

"பாத்ரூம்ல."

"இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. மருந்து எழுதறேன். ஆனா வெயில்ல போட்டாதான் இது போகும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பாத்ரூமைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். என் கணவர் நல்ல மனிதர். எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸுக்குப் பஸ்ஸில் போக வர ஆகிற நேரமெல்லாம் போனில் வீடியோ பார்ப்பார். சின்ன பாத்ரூமைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று யாரோ சொல்லியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் களத்தில் இறங்கினார். சுவருக்கு வெள்ளை பெயிண்ட். மூலைக்கு ஒரு முக்கோண ஷெல்ஃப். பிரகாசமான பல்பு. எல்லாவற்றுக்கும் மேலே, எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

"இப்ப பாரு, டபுளா தெரியும்" என்றார்.

அன்று ராத்திரி குளிக்கப் போனபோது தெரிந்தது. இரண்டு கயிறு, இரண்டு அழுக்குத் துண்டு, நடுவில் கூன் விழுந்து நிற்கிற நான், இரண்டு பேர். அதுவரை நான் அங்கே எப்படி நிற்கிறேன் என்று நானே பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. நனைந்த உடம்போடு காய்கறி நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தேன். துண்டைத் தரை துடைக்கப் போட்டேன்.

மறுநாள் காலை மழை விட்டு வெயில் அடித்தது. துவைத்ததை எல்லாம் பக்கெட்டில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே நான்கு போர்ஷன் ஆண்களின் பனியனும் ஜட்டியும் ரோட்டைப் பார்த்து ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கொடியில் என்னுடையதை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு மாட்டினேன். ஒன்றையும் ஒளித்து மாட்டவில்லை.

சாயங்காலம் ஆன்ட்டி படியில் நிறுத்தினார். "என்னம்மா இது? எதிர்வீட்டுக்கெல்லாம் தெரியுது."

"எதிர்வீட்டு அங்கிளோட ஜட்டியும்தான் நமக்குத் தெரியுது ஆன்ட்டி."

"ஆம்பளைங்க விஷயம் வேற. இத்தனை நாளா பாத்ரூம்லதானே போட்டுட்டிருந்தே? கொஞ்சம், சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

"பண்ணிப் பண்ணித்தான் ஆன்ட்டி டாக்டர்கிட்ட போய் நின்னேன்."

அடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் என் பக்கெட் இருந்தது. மாடியில் நான் மாட்டியதெல்லாம் மடித்து அதில் வைத்து, மேலே பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தார். சவத்துக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் போர்த்துவதில்லை. துண்டைத் துவைத்து அவர் வாசலில் மாட்டிவிட்டு, மறுநாளும் மாடியில் காயப்போட்டேன். மறுநாளும் பக்கெட் வந்தது. இப்படியே நாள்கணக்கில் நடந்தது. படியில் பார்த்தால் இருவரும் குட் மார்னிங் மட்டும் சொல்லிக்கொண்டோம்.

என் கணவர் அக்ரிமென்ட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார். "அடுத்த மாசம் அக்ரிமென்ட் முடியுது. இந்த வாடகைக்கு இந்த ஏரியால வேற வீடு கிடைக்குமா? உன் ஸ்கூலுக்கும் நடந்தே போயிட்டு வர்றே. ஒரு கயிறுதானே, திருப்பிக் கட்டிடுவோமே" என்றார்.

"கட்டுங்க. அதுல உங்க ஜட்டியைப் போடுங்க. என்னுது மாடில கிடக்கட்டும்."

"எனக்கு எதுக்கு அரிப்பு?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப்பிறகு அவர் கயிற்றுப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டு விளம்பரங்களை ரகசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் பயம் இருந்தது. வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போவது, குனிவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவைத்திருந்தேன்.

அக்ரிமென்ட் முடிவதற்கு முன் ஆன்ட்டி வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஹால் பார்த்தார், சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், பாத்ரூம் கதவைத் தள்ளினார். அப்படியே நின்றார்.

"யாரைக் கேட்டுச் சுவரை இடிச்சீங்க?"

"எந்தச் சுவரை ஆன்ட்டி?"

"விளையாடறியா? இது இவ்வளவு பெருசா இல்லையே."

"சுவர் அங்கேயேதான் இருக்கு. கயிறு மட்டும்தான் எடுத்தேன்."

அவர் நம்பாமல் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, கயிறு இருந்த இடத்தில் வெறும் காற்றைத் தொட்டார். ஆணி இரண்டும் இன்னும் சுவரில் இருந்தன.

"இந்த ஆணி நான் அடிச்சது" என்றார். "கல்யாணமாகி வந்த புதுசு. இந்தப் போர்ஷன்லதான் குடுத்தனம். மாடில மாமனாரும் மூணு கொழுந்தனும். என் துணி எங்க போடுறதுன்னு தெரியலை. சுத்தியல் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்களேன்னு, குழவிக்கல்லை எடுத்து அடிச்சேன்."

"உங்களுக்கும் அரிச்சுதா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

"வருஷக்கணக்கா" என்றார். "யார்கிட்ட சொல்ல?"

வெளியே வந்து ஹாலில் உட்கார்ந்தார். புது அக்ரிமென்ட் பேப்பரைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு, பழக்கம் விடுமா, "எல்லாம் சரிம்மா. மாடில போடறப்ப மேல ஒரு துண்டு மட்டும் போட்டுடு" என்றார்.

என் கணவர் எனக்கு முந்தித் தலையாட்டத் தொடங்கினார்.

"போடமாட்டேன் ஆன்ட்டி. துண்டு போட்டா வெயில் படாது."

அண்ணாந்து என்னைப் பார்த்தார். "ஹைட்டு மட்டுமில்லடி, உனக்குத் திமிரும் ஜாஸ்தி."

"ஆமா ஆன்ட்டி."

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த ரெண்டு ஆணியையும் பிடுங்கிப் போடு" என்றார். "எனக்கு அப்பவே நெத்தியில இடிக்கும்."

அன்றைக்கே பிடுங்கினேன். துருப்பிடித்த ஆணிகள், சுலபமாக வரவில்லை. பிறகு தாழ்போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்காமல், முதுகை வளைக்காமல் நின்று, சொம்பைத் தலைக்கு மேலே தூக்கித் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். கை எதிலும் இடிக்கவில்லை.