பிசின் செடிக்கு ஒரு கொட்டாங்குச்சி எரு

என் எரு மூட்டைகளுக்கு மேலே, ஆணியில் ஒரு கொட்டாங்குச்சி தொங்குகிறது. அதை மாட்டியவள் என் கொழுந்தியாள், மனைவியின் தங்கை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்; கிளியூர்ப் பக்கம் புதராகக் கிடந்த சரிவைக் காப்பித் தோட்டமாக்கியவன். என் தோட்டத்துக்கு வழி கேட்டால் ஏற்காட்டு பஸ் கண்டக்டரே சொல்வார். செடிக்கு என்ன வேண்டும் என்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். நினைத்ததில் முக்கால்வாசி சரிதான்.

கணவர் இறந்த பிறகு அவளுக்கு இருந்தது குப்பனூருக்கு மேலே ஒரு கல்லாங்காடு மட்டும். முட்டி தேய்ந்தும் எஸ்டேட் கூலிக்கு மலையேறிக்கொண்டிருந்தாள். அந்தக் காடு சோறு போட்டால்தான் அவள் உட்கார முடியும். திக்காமல்லி வைக்கச் சொன்னவன் நான். அது ஒரு புதர்ச்செடி. கிளை நுனியில் மஞ்சள் பிசின் சொட்டாக உறையும், சேலத்து நாட்டு மருந்துக் கடைகளில் வாங்குவார்கள். காப்பிக்குச் செய்வதுபோலவே தூருக்கு ஒரு கூடை எருவும், மழைக்கு மழை யூரியாவும் வைத்தேன். பாறையோர வரிசையை மட்டும் அவள் தொடவிடவில்லை. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை, தூருக்கு ஒரே ஒரு கொட்டாங்குச்சி எரு போட்டாள்.

“ஏனுங்க மாமா, காட்டுச் செடிக்கு விருந்து வெச்சா அது வேலை செய்யுமுங்களா?”

“காப்பிக்கே சோறு போட்டவன் நான், அம்மிணி. நீ வேடிக்கை பாரு.”

மூன்றாம் கோடையில் என் செடிகள் தோளுயரம், கரும்பச்சை. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நுனியைத் தடவினால் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பாறையோரத்தில், இடுப்புக்கும் எட்டாத அவள் செடிகளில் நுனிக்கு நுனி பிசின் மினுங்கியது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். தழைச்சத்து அளவுக்கு மேல் இருக்கிறது, செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கிறது என்றார்கள். ஆத்திரத்தில் வெட்டப் போனேன். அரிவாளைப் பிடித்துக்கொண்டாள்.

“வெட்டாதீங்க மாமா. கொஞ்ச நாள் பட்டினி போடுங்க, வழிக்கு வரும். நொம்பப் பட்டினி போட்ராதீங்க, எங்க மாமியா என்னையப் போட்ட மாதிரி.”

எருவை நிறுத்தினோம். என் பெருமைக்காக அவள் முட்டி இன்னும் இரண்டு வருடம் மலையேறியது. அதை நான் மறக்கவில்லை. பிறகு பெரிய செடிகளிலும் பிசின் வந்தது. ஆனால் இருவருமே எரு வைக்காமல் விட்டுப்போன ஒரு மூலையில் செடிகளுக்குக் கிளையே இல்லை. கிளை இல்லாமல் நுனி ஏது, பிசின் ஏது? ஆண்டுக்கு ஒரு கொட்டாங்குச்சி என்று அளவு நின்றது. நான் மறக்காமலிருக்க அதை என் எரு மூட்டைகளுக்கு மேலே மாட்டிவிட்டாள்.

இப்போது அவள் எஸ்டேட்டுக்குப் போவதில்லை. நேற்று அவள் காட்டில் புதுக்கன்று நட்டோம். பழக்கத்தில் கை கூடைக்குப் போனது. அவள் தொண்டையைச் செருமினாள். கொண்டுபோயிருந்த கொட்டாங்குச்சியை எடுத்தேன். சேர்வராயன் மலையில் அதை என்னைப்போல் தலைதட்டி அளக்க இன்னொருவன் இல்லை.