நாத்தனார் பேய்

தெரு முழுக்க அவருக்கு எக்ஸ்ரே அக்கா என்றுதான் பெயர். பல்லியைக் கண்டால் அவருக்கு உயிர் போய்விடும். பேய்க் கதையைக் கண்டால் வந்துவிடும். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊராருடைய எலும்பைப் படம் பிடித்துவிட்டு, சாயங்காலமானால் ஒரே எழுத்தாளரின் பேய் நாவல்களில் விழுந்து கிடப்பார். அந்த மனிதர் எழுதுவதை நிறுத்துவதாக இல்லை, அக்கா வாங்குவதையும். படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க அவர் புத்தகங்கள்தான்.

அந்தச் சுவருக்குத்தான் ஆபத்து வந்தது. கணவரின் அக்கா தையல் மிஷினோடு நிரந்தரமாக வந்து சேர்ந்தார். மிஷினுக்கு இடம் வேண்டுமே.

"இந்தக் குப்பையப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடு. பேயப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குறியோ!"

"ஒண்ணே ஒண்ணு படிங்க அண்ணி. முடிக்க முடியலைன்னா நானே எடைக்குப் போடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் செய்த பிறகுதான், எதைக் கொடுப்பது என்ற கவலை வந்தது.

"முதல் நாவலக் குடு," என்றார் கணவர். ஆனால் அதில் பேய் வந்து சேர்வதற்குள் அண்ணி தூங்கிவிடுவார். கூட வேலை பார்க்கும் நர்ஸ், மெல்லிய சிறுகதைத் தொகுப்பொன்றைச் சிபாரிசு செய்தார். சொட்டு ரத்தம் கிடையாது, விருதுகூட வாங்கியது.

"அது கெஞ்சுற மாதிரி இருக்கும்," என்று அக்கா தலையணைப் பருமனில் ஒன்றை உருவினார். அதில் பேயே ஒரு நாத்தனார்தான். செத்தும் தம்பி வீட்டுச் சமையலறையை விடாமல், டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி வைத்தே தம்பி மனைவியைப் பைத்தியமாக்குபவர்.

கணவர் வெளிறிப் போனார். "உனக்கென்ன கிறுக்கா?"

"போகப்போற புத்தகந்தானே? சொல்ல வேண்டியதச் சொல்லிட்டே போகட்டும்."

அந்த வாரம் மிஷின் சத்தமே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கடுகடுத்த முகத்தோடு அண்ணி புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டார்.

"இது அநியாயம்."

அக்கா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். "எது அண்ணி?"

"டப்பாவ ஒழுங்கா அடுக்கத் தெரியாதவ அந்தத் தம்பி பொண்டாட்டி. பாவம், இடம் மாத்தி வச்சது தப்பா? அதுக்குப் போய் மந்திரவாதியக் கூப்பிட்டு விரட்டுறாளே! அவ்வளவு பொறுப்பான பேய!"

"அக்கா, அந்தப் பேய் யாருன்னு..." என்று ஆரம்பித்த கணவரின் காலை, மேஜைக்கடியில் மனைவியின் குதிகால் அழுத்தியது.

"அந்தம்மா திரும்பி வராங்களா?" என்றார் அண்ணி.

"ரெண்டாம் பாகத்துல. செம கோவத்தோட."

"எடு."

சுவர் தப்பியது. மிஷின் இப்போது கூடத்தில், கணவரின் டிவி இருந்த இடத்தில் நிற்கிறது.