தவளைக்குள் இருந்த தாள்

எங்கள் வீட்டு பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் உண்டியலைப் போல ஒரு கீறல் வெட்டி வைத்திருக்கிறேன். தினக் கலண்டரில் முடிந்த நாளின் தாளைக் காலையில் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அந்த நாளைப் பற்றி நாலு வரி எழுதி, அந்தக் கீறலுக்குள் போடுவது என் வழக்கம். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, பக்கத்து வீட்டு மிளகுக்கொடி எப்போது பூத்தது, யட்டவத்த பஸ் எவ்வளவு பிந்தியது, என்ன புத்தகம் முடித்தேன் என்பவைதான் அதில் இருக்கும். டின்னை ஆண்டுக்கொரு முறை, ஆடி முடிவில்தான் திறந்து காலி செய்வேன். அதுவரை அது என் மனதில் மூடியே இருக்கும்.

போன வருடம் ஆவணியில் என் தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளுடைய எட்டு வயது மகளை, மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் எங்களோடு விட்டுப் போனாள். எனக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. காலையில் எழுந்ததும் கலண்டர் தாளைக் கிழிக்கும் உரிமையை வந்த அன்றே அவள் எடுத்துக்கொண்டாள். கிழித்து என் மேசையில் வைப்பாள். "நேத்து செத்துப் போச்சு மாமா" என்பாள்.

இந்தச் சித்திரை விடுமுறையில் பின்னேரம் தவறாமல் மழை. வெளியே விளையாட வழியில்லை. மின்கட்டண பில்களையும் முடிந்த கொப்பிகளின் ஒற்றைகளையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மடிப்போம். எனக்குத் தெரிந்தது கப்பலும் ராக்கெட்டும்தான். அவளுக்குக் கத்திக் கப்பல், மைக்கூடு, கமரா, தவளை எல்லாம் வரும். என் தவளை மட்டும் குதிக்காது. வாலில் விரலை வைத்து அழுத்தினால் அப்படியே படுத்துவிடும்.

"மாமா, ஒங்க தவளைக்குக் காய்ச்சல்."

"மருந்து குடு."

"மருந்து குடுத்தாலும் எந்திரிக்காது. ஒங்களுக்கு மடிப்பு நேரா வரல. எழுத்து மட்டும் நேரா வருது."

அந்த நாட்களில்தான் தங்கையிடமிருந்து சேதி வந்தது. வேலை செய்த குடும்பம் வேறு நாட்டுக்குப் போகிறதாம். மூன்று கிழமையில் வந்துவிடுவேன் என்றாள். பிள்ளை போனைக் கையில் வாங்கி, "ஒங்களுக்கு ஒரு சாமான் செஞ்சு வைக்கிறேன். என்னன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

தங்கை வருவதற்கு முந்திய புதன்கிழமை, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு வாக்குவாதம். சுது கங்கை ஆறு பாலத்தடி வரை ஏறிய மழை கார்த்திகையிலா மார்கழியிலா என்று. எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள் என்று பெருமையாக உள்ளே வந்து டின்னைத் திறந்தேன். அடியில் நாலைந்து தாள்தான் கிடந்தது.

பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் மறைக்கவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தலையணை உறையை இழுத்து வந்தாள். உள்ளே கப்பல், தவளை, ராக்கெட், பறவை. இருநூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் தேதி எண் வெளியே தெரியும்படி மடித்திருந்தாள்.

"அம்மா இல்லாத நாளுக்கு ஒண்ணு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நூல்ல கோத்துக் கட்டணும்" என்றாள்.

"யாரக் கேட்டு எடுத்த?"

"நீங்கதானே மாமா எடுத்துக்கன்னு சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்? களவெடுத்துட்டு பொய் வேறயா?"

மனைவி குசினியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "என்னங்க, கடுதாசிக்கா புள்ளயக் கள்ளிங்கிறீங்க?" நான் கேட்கவில்லை. தலையணை உறையை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிள்ளை அழவில்லை. "சொன்னீங்க" என்று இன்னொரு முறை மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் அம்மாவின் வரவுக்காக அவளுக்குச் சட்டை எடுக்க மனைவி அவளை மாத்தளை டவுனுக்குக் கூட்டிப் போனாள். நான் வீட்டில் தனியாக இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்ததோடு விடவில்லை. துணி மடிக்கும் மேசையில் விரித்து, ஸ்திரிக்கைப் பெட்டியை மிதமாகச் சூடாக்கி, ஒவ்வொரு தாளையும் தேய்த்தேன். தேதி வரிசையில் அடுக்கினேன். வேலை ஒழுங்காக நடப்பதில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அதை எழுதாமல் விடக்கூடாது.

மத்தியானம் போல ஒரு தவளையைப் பிரித்தேன். மூன்று கிழமைக்கு முந்திய ஒரு சனிக்கிழமைத் தாள். பின்பக்கம் என் கையெழுத்து: 'மூன்றரைக்கு மழை. புத்தகம் பாதி. பிள்ளை கலண்டர் தாள் கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.'

கலண்டர் தாள் என்றால் ஒரு தாளும் ஆகும், எல்லாத் தாளும் ஆகும். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவள் எதைக் கேட்டாள், நான் எதை நினைத்துச் சரி என்றேன் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. புத்தகத்தில் தலையை வைத்துக்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னேன். எழுதியும் வைத்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது தாள்கள் மேசையில் கட்டாக இருந்தன. பிள்ளை பார்த்தாள். புதுச் சட்டையை அத்தையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். புது வெள்ளைத் தாள் வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம் மாமா. அதுல தேதி இல்ல" என்றாள். தவளைக்குள் இருந்த அந்த ஒரு தாள் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். பெட்டி பிரித்து, தேத்தண்ணி குடித்து, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, "எனக்கு என்னமோ செஞ்சு வச்சிருக்கேன்னியே, எங்கடி?" என்றாள்.

"மாமாட தாளைக் களவெடுத்துச் செஞ்சேன். மாமா பிரிச்சிட்டாரு."

"அண்ணன் தாளை ஏன்டி தொட்ட? அவரு உயிரே அதுலதானே இருக்கு. மன்னிப்புக் கேட்டியா?"

"சாரி மாமா."

"பரவாயில்ல" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தாள் விஷயம் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

தங்கை இப்போது மகளோடு பல்லேபொலவில் வாடகைக்கு இருக்கிறாள். இரண்டு முறை அந்தத் தாளோடு பஸ் ஏறினேன். இரண்டு முறையும் அப்படியே திரும்பக் கொண்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமை அவர்களே வந்தார்கள். தங்கை குசினியில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பிள்ளையின் முன்னால் வைத்தேன்.

அவள் முன்பக்கத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். பிறகு பின்பக்கத்தை வாய்விட்டு வாசித்தாள்.

"அப்ப நான் களவெடுக்கல."

"இல்ல. நான்தான் மறந்துட்டேன்."

"இது எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"பிரிச்ச அன்னிக்கே."

அவள் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அம்மாகிட்ட சொல்லுங்க. அன்னைக்கு மாதிரி எல்லாரும் இருக்கணும்."

இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தங்கை, "அடப் போங்கண்ணே, இதுக்கா இவ்வளவு!" என்று சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. பிள்ளையும் சிரிக்கவில்லை.

தாளை மறுபடி தவளையாக மடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மடிக்கவில்லை. கொப்பிக்கு நடுவில் நேராக வைத்து, பையில் போட்டுக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும் மாமா. ஒங்களுக்கு மறந்து போயிரும்."

தாள் கட்டுக்குள் அந்தச் சனிக்கிழமை இல்லை. மற்றத் தாள்களில் எவ்வளவு தேய்த்தும் மடிப்புக் கோடுகள் போகவில்லை. எழுத்தின் மேலாகவே ஓடுகின்றன.