ஆறு நிமிட மூச்சு

முத்துக்குளிப்பில் கடலுக்குள் மூழ்குகிறவனுக்குப் படகிலிருந்து கயிறு பிடித்தவர் அவர். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தழும்புகள். பேசும்போதெல்லாம் இல்லாத கயிறு ஒன்றை இழுத்துக்கொண்டே இருப்பார்.

1974-இல், தூத்துக்குடிக் கடற்கரையில் என் ஆய்வேட்டை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘மூழ்குகிறவர்கள் ஆறு நிமிடம் மூச்சடக்குவார்கள்.’

“யாருலே சொன்னா?”

“பழைய புத்தகத்துல இருக்கு, அண்ணாச்சி.”

என் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். உதைத்தேன், அவர் கையைப் பிறாண்டினேன். மூக்கில் உப்பு ஏறிக் கண் இருண்ட பிறகுதான் தூக்கினார்.

“ஒரு நிமிசங்கூட ஆவலலே! இந்தப் புக்கப் படிச்ச மீன்துறை ஆபீசர் ஒருத்தன், இன்னும் நேரம் கெடக்குன்னு என்னியக் கயித்த இழுக்க விடல. எந்தம்பி பொணமாத்தான் மேல வந்தான்.”

சொல்லிக்கொண்டே என் முதுகில் அறைந்து தண்ணீரைக் கக்க வைத்தார்.

ஆறு நிமிடத்தை ஒன்றாகத் திருத்தினேன். ஆதாரம் எங்கே என்று ஆய்வு நெறியாளர் கேட்டார். சட்டைக் காலரை விலக்கி, பிடரியில் ஆறாமலிருந்த நகத் தடங்களைக் காட்டினேன்.