அல்வினா வீட்டுப் புகை

அல்வினா மிஷோ முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வடக்கு மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே, கண்ணாடியாய் உறைந்த சாலையில், நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒருமுறைகூட வண்டியைப் பள்ளத்தில் இறக்காதவள். அப்பேர்ப்பட்டவளை ஒன்பது குளிர்காலமாக வீட்டோடு கட்டிப்போட்டது ஓர் அடுப்பு.

அது அவள் கணவன் ரோலண்ட் வாங்கி வைத்தது. மரத்தூளை அழுத்திச் சின்னச் சின்னத் துண்டாக்கிய பெல்லட்டைத் தின்கிற பழைய அடுப்பு. பெட்டியில் ஒரு மூட்டையைக் கொட்டிவிட்டால் உள்ளே இருக்கும் திருகு சுழன்று தானே தீனி போட்டுக்கொள்ளும். விசிறி தானே ஊதும். பற்றவைப்பது மட்டும் ஆள் கையால்தான். கிண்ணத்தில் ஒரு கை பெல்லட்டைப் போட்டு, மேலே சட்டென்று தீப்பிடிக்கும் எரிகூழைப் பிதுக்கி, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டு, தீ பிடிக்கிறவரை மண்டியிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சாம்பல் அடைத்தால் அணையும். மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தால் அணையும். எதுவும் இல்லாவிட்டால் சும்மாவும் அணையும். வெளியே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. அரை நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும்.

ரோலண்ட் போய்ச் சேர்ந்தான். அடுப்பு போகவில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவள் மனசு அடுப்பின் முன்னால்தான் மண்டியிட்டிருக்கும். கைக்குழந்தை என்றால் இரண்டு வருடத்தில் எழுந்து ஓடிவிடும். இது வளரவே வளராது என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

இது போதாதென்று எதிர்வீட்டுக் கில்மன் வேறு. அந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் காப்பிக் கோப்பையோடு சன்னலில் நின்று எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பார்கள். வெள்ளைப் புகை கிளம்பினால் ஆள் எழுந்தாயிற்று, சௌக்கியம். எட்டு மணிக்கும் புகை இல்லையென்றால் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும். கில்மன் பெண்டாட்டியை இழந்தவர், நிலத்தை மகனிடம் விட்டவர், வேறு வேலை இல்லாதவர். அவர் தவறுவாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைத்துச் சாம்பலை வாரிய அல்வினா, உடனே பற்றவைக்காமல் போர்வைக்குள் போய்ப் புகுந்துகொண்டாள். எட்டு அடித்து ஐந்தாவது நிமிடம் கதவு அதிர்ந்தது.

"என்னம்மா, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்யா. சாகறதா இருந்தா உங்கிட்டச் சொல்லிட்டே சாகறேன், போதுமா?"

"புகையக் காணோமேன்னு வந்தேன்."

"ஒரு நாளு தூங்கலாம்னு பாத்தேன். அதுக்கும் உன் உத்தரவு வேணுமா?"

"கோவிச்சுக்காத. புகை வந்தா நான் ஏன் வரப்போறேன்?"

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. புகை வந்தால் வரமாட்டார். நல்லது.

ஜனவரியில் தங்கை ஐரீன் பாங்கோர் நகரத்திலிருந்து போனில் கூப்பிட்டாள். அடுத்த மாதம் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. வீட்டுக்கு வந்தபின் ஐந்து நாள் கூட இருக்க ஆள் வேண்டும். சொல்லிவிட்டு அவளே, "நீ அடுப்ப விட்டு எங்க வரப்போற? சும்மா சொல்லி வச்சேன்," என்றாள். அந்தச் 'சும்மா' அல்வினாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கூடப் பிறந்தவளே தன்னைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டாள்.

"வர்றேன்டி," என்றாள். "நீ வீட்டுக்கு வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் உன் வாசல்ல நிப்பேன், பாரு."

புது அடுப்புகளில் தானாகப் பற்றவைக்கும் கம்பி ஒன்று இருக்கும். பென்சில் நீளம், மின்சாரம் பாய்ந்தால் பழுக்கக் காயும். அதை இந்தக் கிழட்டு அடுப்புக்குப் பொருத்த முடியாது என்று கடையில் கையை விரித்தார்கள். முப்பத்தோரு வருடம் தன் பேருந்தைத் தானே பழுது பார்த்தவளிடமா இந்தக் கதை? கம்பியை மட்டும் வாங்கிவந்து, தீக்கிண்ணத்தைக் கழற்றி முதுகுச் சுவரில் துளை போட்டாள். பேருந்துக் கொட்டகைக்கு எடுத்துப்போய்த் துளையில் ஒரு சிறு குழாயை வெல்டிங் செய்து வாங்கிவந்தாள். குழாய்க்குள் கம்பி. விசிறி இழுக்கும் காற்று, பழுத்த கம்பியை உரசிக்கொண்டு பெல்லட்டுக்குள் புக வேண்டும். முதல் தடவை கம்பியின் நுனி வெளியே நீண்டு சாம்பலில் புதைந்து கருகிப்போனது. இரண்டாம் கம்பியை அரை விரல் உள்ளே தள்ளி வைத்தாள். தீ பிடிக்கும் முன் சூடு இல்லையென்று அடுப்பு பயந்து நின்றுவிடாமல் இருக்க ஒரு டைமர், சுவரில் குளிர் பார்த்து உத்தரவு போட ஒரு பெட்டி.

சுவிட்சைப் போட்ட எட்டாவது நிமிடம், அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் புகை சுருண்டு, பக்கென்று தீ எழுந்தது. ஒருவர் கையும் படவில்லை. அல்வினா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். கில்மனிடம் அவள் மூச்சுவிடவில்லை. ஐந்து நாள் புகையைப் பார்த்துக்கொண்டு ஏமாந்து நிற்கட்டும் கிழவன் என்று உள்ளூரச் சிரிப்பு.

பிப்ரவரியில், புறப்பட வேண்டிய வியாழனுக்கு இரண்டு நாள் முன், செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. ஐரீனுக்கு எடுத்துப்போக ஜாம் புட்டி வேண்டுமென்று இரவு உடையோடு நிலவறைக்கு இறங்கினாள். மூன்றாம் படி ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பிரித்து மேய்ந்தவளுக்கு ஓர் ஆணி அடிக்க நேரமில்லை. படி சரிந்தது. கீழே சிமெண்ட் தரையில் போய் விழுந்தாள். வலது கணுக்கால் போகக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

கைப்பேசி மேலே சமையலறை மேசையில். நிலவறைச் சன்னல்களை வெளியிலிருந்து பனி மூடியிருந்தது. படியில் ஏறப் பார்த்தாள். கால் அசைந்ததும் கண் இருட்டியது. சரி, எட்டு மணி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று நினைத்தாள். அடுப்பு ஓய்ந்துதான் கிடந்தது; புகை இல்லையென்றால் கில்மன் வந்துவிடுவார்.

அப்போது தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம். திருகு கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. வீடு குளிர்ந்துவிட்டதென்று சுவர்ப் பெட்டி உத்தரவு போட்டுவிட்டது.

"வேணாம்," என்றாள் அல்வினா. "வேணாம், எரியாத."

அது சமர்த்தாக எரிந்தது.

ஏழரைக்கு டிராக்டர் வந்தது. பனி பெய்த மறுநாள் கில்மன்தான் அவள் வாசலை வழித்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், டிராக்டர் போயும் வந்தும் உறுமியது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். புட்டியை எடுத்துச் சுவரில் வீசினாள். டிராக்டர் ஒரு கணம் நின்றது. அவர் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, எப்போதும் பார்ப்பார். பிறகு டிராக்டர் திரும்பிச் சாலையைக் கடந்து போய்விட்டது.

அவள் நாளை எண்ணிப் பார்த்தாள். வியாழன் இரவுதான் ஐரீன் தேடுவாள். அதுவரை இந்தக் குளிர்ந்த தரையில் உடம்பு தாங்காது. மேலே அடுப்பு, அல்வினா சௌக்கியம், அல்வினா சௌக்கியம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

மின்பெட்டி எதிர்ச்சுவரில் இருந்தது. சுவரில் சாத்தியிருந்த, பனி அள்ளும் நீளக் கட்டை போட்ட பனிவாரியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, காலைப் பின்னால் விட்டு, முழங்கையால் ஊர்ந்தாள். இருபதடி போக எவ்வளவு நேரம் ஆயிற்றென்று அவளுக்குத் தெரியாது. பனிவாரியின் கட்டையைத் தூக்கிப் பெரிய சுவிட்சைக் கீழ்நோக்கி இடித்தாள். நாலாம் இடிக்கு அது விழுந்தது. விளக்கு போனது. திருகு நின்றது. விசிறி இளைத்து இளைத்து ஓய்ந்தது. இரண்டு வாரம் உயிரைக் கொடுத்துச் செய்ததைத் தானே அணைத்துவிட்டு, இருட்டில் உருளைக்கிழங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, புகை நிற்பதற்காக ஜெபம் பண்ணினாள். வாழ்நாளில் முதல்முறையாகக் கில்மன் தன் வீட்டைப் பார்க்க வேண்டுமென்று கெஞ்சினாள்.

நண்பகல் காப்பிக்குத்தான் அவர் மறுபடி சன்னலுக்கு வந்தார். கதவு இடிபடும் சத்தம், பிறகு பூட்ஸ் சத்தம், பிறகு படியின் உச்சியில் டார்ச்.

"அல்வினா! எங்கம்மா இருக்க?"

"இங்கதான்யா. மூணாம் படி இல்ல, பாத்து."

கம்பளிகளைக் கொண்டுவந்து சுற்றினார். ஆம்புலன்சைக் கூப்பிட்டார். வீடு விறைத்துப்போகிறதே என்று மின்பெட்டிச் சுவிட்சை மேலே தள்ளினார். தலைக்கு மேலே 'டக்' என்றது, திருகு கரகரத்தது. கில்மன் திடுக்கிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"மேல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அது தானாப் பத்திக்கும். நான்தான் செஞ்சேன்."

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு, "அப்ப காலைல நான் பாத்த புகை?" என்றார்.

"நான் இங்க கெடந்து கத்திக்கிட்டிருந்தேன்."

கில்மன் அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க அல்வினாவுக்குப் பொறுக்கவில்லை. ஏமாந்து நிற்கட்டும் என்று நினைத்தவள் அவள்தானே.

"பாங்கோருக்குப் போறதா இருந்தேன், அஞ்சு நாளு," என்றாள். "உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். தப்புதான்."

"எதுக்குச் சொல்லல?"

"ஒரு தடவையாச்சும் யாருக்கும் தெரியாம இந்த வீட்ட விட்டுப் போகணும்னு ஆசை."

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவள் அவருடைய கையுறையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே புகையப் பாக்காத, கில்மன். சமையக்கட்டுச் சன்னல் திரையப் பாரு. தினமும் காலைல ஏழு மணிக்கு என் கையால தூக்குவேன். தூக்கலன்னா வந்துடு."

"நாளைக்கு நீ ஆஸ்பத்திரியிலதான இருப்ப?"

"வந்ததுக்கப்புறம்யா."

"சரி," என்றார் அவர். "ஏழு மணி."