கணவனைக் கூட்டி வரச் சொன்னேன்

எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையைக் கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. அதோடு நிற்காமல், அவள் வந்து போனதை அவள் கணவனுக்கும் தெரிய வைத்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றி, அவள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

1. மாத்திரை

ஹைதராபாத்தில் நாங்கள் சோதனை முறையில் தொடங்கிய திட்டம் அது. நோய் இல்லாத, ஆனால் தொற்றும் ஆபத்தில் இருக்கும் பெண்களுக்குத் தினமும் ஒரு மாத்திரை. ப்ரெப் என்போம். ஆணுறைக்கு ஆண் சம்மதிக்க வேண்டும். இதற்கு யாரும் சம்மதிக்க வேண்டாம். பயிற்சி வகுப்புகளில் திட்ட அதிகாரியாக நானே இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

ரேவதி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தாள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் கணவனின் பையில் ஏ.ஆர்.டி. டப்பாவைப் பார்த்திருக்கிறாள். நோய் வந்தவர்கள் சாப்பிடும் மாத்திரை அது. அவன் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் அவளுக்குத் தொற்றாது. டப்பாவில் மாத்திரை குறையவே இல்லை. வீட்டில் யாரிடமும் அவன் சொல்லவும் இல்லை. ரேவதிக்குப் பரிசோதனை செய்தோம். நெகட்டிவ்.

எங்கள் கவுன்சலர் சுஜாதா தெலுங்குப் பெண். லாலாகுடாத் தமிழர்களோடு வளர்ந்தவள். அவள் மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். நான் தடுத்தேன். அதுவரை எங்களிடம் வந்தவர்கள் பாலியல் தொழிலாளிகள். ஒரு குடும்பப் பெண், அதுவும் தமிழ்ப் பெண், கணவனுக்குத் தெரியாமல் இதைச் சாப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. அவள் மாமியாரைத் தமிழர்களின் பொங்கல் விழாக்களில் பார்த்துப் பேசியிருக்கிறேன். நாளைக்கு அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன்.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா. ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசலாம்."

"அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார் சார். நீங்க தமிழ் ஆளுன்னுதான் தைரியமா உள்ள வந்தேன்."

"அதனாலதான் சொல்றேன். குடும்பம் உடையக் கூடாது."

அவள் போனதும் சுஜாதா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ரூல்லயே இல்லாததை எதுக்கு சார் கேக்குறீங்க? மத்த பொம்பளைங்ககிட்ட புருஷனைக் கூட்டிட்டு வான்னு சொன்னீங்களா?"

"அவங்க வேற, இவங்க வேற."

"வைரஸுக்கு அது தெரியுமா சார்?"

2. போன்

ரேவதி மறுபடி வரவில்லை. அவசரத்துக்கென்று அவள் கொடுத்திருந்த எண்ணில் நான் கணவனைக் கூப்பிட்டு, தம்பதியருக்கான ஆலோசனைக்கு வரச் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. எந்த ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்பதைச் சொன்னேன். அவனுக்கு அது போதும்.

அடித்தான். போனைப் பிடுங்கிக்கொண்டான். அவளைத் தனியாக வெளியே விடவில்லை. தொடாமலும் விடவில்லை. பிறகு கர்ப்பத்துக்கென்று ஆஸ்பத்திரியில் செய்த பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தது. "எவன்கிட்டப் போய் வாங்கிட்டு வந்தே?" என்று மாமியார் வெளியே தள்ளினாள். கணவன் பக்கத்திலேயே நின்றான், வாய் திறக்கவில்லை. ரேவதி மௌலா அலியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். இதையெல்லாம் சுஜாதாதான் விசாரித்து வந்து என்னிடம் சொன்னாள்.

3. லாலாகுடா வீடு

மௌலா அலிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க மன்னிப்பை வச்சு நான் என்ன சார் பண்றது? நான் கெட்டுப்போனவள்னு குவார்ட்டர்ஸ் பூரா பேசுது. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

ஒர்க்‌ஷாப் வாசலில் கணவனைப் பிடித்து, வீட்டில் அவனே உண்மையைச் சொல்லிவிடும்படி கெஞ்சினேன்.

"அவ விஷயத்தை என்கிட்டச் சொன்ன மாதிரி என் விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்க, கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன். போங்க பெரியவரே."

அவன் சொன்னது சரி. அவன் ரகசியத்தை வெளியிட எனக்கு உரிமையில்லை. அவளுடையதை வெளியிடவும் இருந்ததில்லை.

வழி சொன்னது ரேவதிதான். "அவரைப் பத்தி ஒண்ணும் பேச வேணாம். என்னைப் பத்திச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக் கூடத்தில் நின்றாள். மாமியாரும் மகனும் இருந்தார்கள். இவள் எங்களிடம் வந்தபோது நோய் இல்லை, வராமலிருக்க மாத்திரை கேட்டாள், நான் மறுத்துவிட்டேன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

"நல்லா இருந்தவளுக்கு ஏன்யா கொடுக்கல?" என்றாள் அந்த அம்மாள்.

"பெரியவங்க உங்களுக்குத் தெரியாமக் கொடுத்தா மரியாதை இல்லைன்னு நினைச்சேம்மா."

"என்னை எங்கய்யா கேட்டீங்க?"



அதன் பிறகு அந்த அம்மாள் ரேவதியைப் பற்றி வெளியே தப்பாகப் பேசுவதை நிறுத்தினாள். நடந்தது அவ்வளவுதான். ரேவதி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. எங்கள் திட்டத்தில் யாரிடமும் கணவனைக் கூட்டி வரச் சொல்லக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்டுவிட்டு ஓய்வு பெற்றேன். இனி ஊசி, பெண்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் வளையம் என்று புதுப் புது தடுப்பு முறைகள் வரும். எது வந்தாலும், கேட்டு வருகிற பெண்ணிடம் அவளைத் தவிர வேறு யாருடைய சம்மதத்தையும் கேட்காதீர்கள்.

குழந்தைக்குப் பிறந்தது முதல் மருந்து கொடுத்தார்கள். அதற்கு நோய் இல்லை. ரேவதி இப்போது தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அவள் என்னிடம் கேட்டு வந்தது அந்த மாத்திரையை அல்ல.