மாமா போட்டுக் கொடுத்த மெயில்

சமீப காலம் வரை இந்த ஊரில் பாதிப் பேர் என்னை ‘ஃபிராவ் அருள்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஜெர்மன் மொழியில் ஃபிராவ் என்றால் திருமதி. பல் மருத்துவரின் வரவேற்பறைப் பெண், நூலகத்தில் கார்டு புதுப்பிப்பவர், காப்பீட்டு அலுவலகத்துக்காரர் என எல்லோருக்கும் நான் அருள். என் பெயர் ஸ்டெல்லா. அருள் என்பது செலின் அக்காவின் கணவர், என் மாமா. என் மெயில் முகவரி அவர் பெயரில் தொடங்கி என் பெயரில் முடிந்ததால், முதலில் கண்ணில் பட்டதையே என் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். “அப்படியானால் அருள் உங்கள் கணவரா?” என்பார்கள். அக்காவின் கணவர் என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன நெளிவு வரும். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது புரிந்த பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன்.

மாமாவுக்குப் பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டின் வெளி வேலைகளையெல்லாம் அவர்தான் பார்த்தார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க மெயில் வேண்டும் என்றபோது, கடைக் கம்ப்யூட்டரில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் கொடுத்தார். “வெறும் ஸ்டெல்லான்னு போட்டா கெடைக்கல பாப்பா. எம் பேரையும் முன்னால சேத்துக்கறன்” என்றார். பாஸ்வேர்டு அவர் வைத்தது. ரெக்கவரி நம்பர் அவருடைய செல் நம்பர். எனக்கென்று போன் இல்லாத காலம், நன்றியோடு தலையாட்டினேன். அதற்குப் பிறகு சேலத்தில் வேலை, ஜெர்மன் வகுப்பு, விசா, இங்கே முதியோர் இல்லத்தில் வேலை, வங்கி, வாடகை வீடு என்று என் வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரே முகவரியில் போய் ஒட்டிக்கொண்டது.

போன குளிர்காலத்தில் எனக்கு அடிவயிற்றில் வலி. கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, பெண்களுக்கான மருத்துவர் ஒருவரிடம் நேரம் கேட்டேன். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வரச்சொல்லி மெயில் வந்தது. மறுநாளே அம்மா போனில் அழுதாள்.

“ஏண்டி, பொம்பள டாக்டர்கிட்ட எதுக்குப் போற? கல்யாணம் ஆவாத புள்ளைக்கு அங்க என்ன வேல?”

“உனக்கு யாரும்மா சொன்னாங்க?”

“மாமாதான். என்னமோ ஜெர்மன்ல வந்திருந்துச்சாம். போன்லயே தமிழா மாத்திப் படிச்சாராம்.”

அந்த அழுகைக்கு நடுவிலும் மருமகனின் கெட்டிக்காரத்தனத்தில் அம்மாவுக்கு ஒரு பெருமை இருந்தது.

நான் செய்வது முதியவர்களைக் கழுவித் துடைக்கும் வேலை. மலம், சளி, சீழ் எதுவும் என் முகத்தைச் சுளிக்க வைத்ததில்லை. அன்றைக்குத்தான் அருவருப்பு என்றால் என்ன என்று என் உடம்புக்குத் தெரிந்தது. பழைய மெயில்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். தோழிக்கு எழுதிய புலம்பல், ஒருவன் எனக்கு எழுதிய அன்பான நாலு வரி, நான் அவனுக்கு எழுதிய பதில். ஒவ்வொன்றின் மேலும் மாமாவின் கட்டைவிரல் ஊர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எழுந்து நின்று வேதாகம வாசகம் படிக்கிற அதே கண்கள்.

கூட வேலை செய்யும் பிர்கிட்டிடம் சொன்னேன். அவள் வீட்டில் புருஷனுக்கு வந்த கடித உறையை அவளும் பிரிக்க மாட்டாள், அவளுக்கு வந்ததை அவனும் பிரிக்க மாட்டான். “போலீஸுக்குப் போ. அந்த மெயிலை இன்றைக்கே அழித்துவிடு” என்றாள். குடும்பத்துக்குள் போலீஸ் ஏன் வராது என்பதை அவளுக்கு என்னால் விளக்க முடியவில்லை. மெயிலை அழிக்கும் பொத்தான் வரைக்கும் போய்விட்டுக் கையை எடுத்தேன். அழித்திருந்தால் என் கதை முடிந்திருக்கும். வங்கியிலிருந்து குடியுரிமை அலுவலகம் வரை எங்கே நுழைந்தாலும் “உங்கள் மெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம்” என்றுதான் சொல்கிறார்கள். அந்த மெயிலே இல்லையென்றால் எண் எங்கே போய்ச் சேரும்? சரி, பாஸ்வேர்டை மாற்றி மாமாவின் நம்பரையாவது எடுத்துவிடலாம் என்று முயன்றேன். அதற்கான எண் அவர் போனுக்கே போனது. உடனே செய்தி வந்தது: “ஏதோ கோடு வந்துருக்குது பாப்பா. நீதான் கேட்டியா?” இல்லைங்க மாமா, எவனாவது ஃபிராடாக இருக்கும் என்று பதில் போட்டேன். என் வீட்டுக்குள் போக நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு செய்ததை, என்னைப் போல யாரோ போட்டுக் கொடுத்த மெயிலோடு விமானம் ஏறிய பெண்களுக்காகவே எழுதுகிறேன். என் பெயர் மட்டும் உள்ள புது முகவரி ஒன்றை, என் சொந்த நம்பரோடு தொடங்கினேன். பழையதைத் தொடவில்லை. அது திறந்திருக்கும்போதே முதலில் வங்கி, பிறகு சம்பளம், பிறகு காப்பீடு என்று ஒவ்வொன்றாக உள்ளே போய் முகவரியை மாற்றினேன். புது முகவரியில் ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனேன். மாற்றிய ஒவ்வொரு முறையும் ‘உங்கள் முகவரி மாற்றப்பட்டது’ என்று பழைய பெட்டிக்கு ஒரு தகவல் வந்து விழும். மாமா பார்ப்பதற்குள் அதை அழித்து, குப்பையிலிருந்தும் அழிக்க வேண்டும். அதனால் இங்கே மாலையாகி, அங்கே ஊர் அடங்கிய நேரமாகப் பார்த்துச் செய்தேன். என்னுடைய பெட்டியில் நானே திருடியைப் போல நடமாடிய அந்த மாலைகளை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு கசக்கிறது. குடியுரிமை அலுவலகத்தில் மட்டும் மெயிலை மாற்ற மெயில் அனுப்பக்கூடாதாம், கையெழுத்துப் போட்டுத் தபாலில் கேட்க வேண்டுமாம். இந்த நாட்டின் காகிதப் பைத்தியத்தைப் பற்றி எவ்வளவோ சிரித்திருக்கிறேன். பதில் உறையில் என் பெயர் மட்டும் அச்சாகி வந்த அன்று சிரிக்கவில்லை.

மிச்சமிருந்தது தருமபுரி வங்கிக் கணக்கு ஒன்றுதான். நேரில் வரச் சொன்னார்கள். விடுமுறையில் ஊருக்குப் போய் அந்த வேலையை முடித்துவிட்டு, நானும் அம்மாவும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே மாமா கேட்டார், ஏதோ மழை இல்லை என்று சொல்வது போல.

“இப்பல்லாம் உனக்கு மெயிலே வர்றதில்லையே பாப்பா. மாத்திட்டியா?”

“எனக்கு வர்ற மெயில நீங்க எதுக்குங்க மாமா படிக்கறீங்க?”

“நல்லாக் கேட்ட போ. நான் போட்டுக் குடுத்ததுதான அது? நம்ம வூட்டுப் பொம்பளப் புள்ள தனியாக் கெடக்குது, ஒரு கண்ணு வெச்சுக்க வேணாமா?”

“அவரு நல்லதுக்குத்தானடி பாத்தாரு” என்றாள் அம்மா.

“என் கர்ப்பப்பையையுமாங்க மாமா?”

அக்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமா பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, கூச்சம் துளியும் இல்லை. “வெளிநாடு போனதும் வாய் நீண்டுபோச்சு” என்று அம்மா முனகினாள். கட்டி சாதாரணமானதுதான், பயமில்லை என்று டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

கொல்லையில் துணி எடுக்கும்போது அக்கா பக்கத்தில் வந்தாள்.

“எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடி. அவருக்குத் தெரியக் கூடாது.”

“எதுக்குக்கா?”

“எதுக்குன்னு உங்கிட்டயும் சொல்லணுமா?”

எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய சிம் மாமா பெயரில் இருக்கிறது, போன் தினமும் மாமா கைக்குப் போய்த்தான் திரும்புகிறது. அதனால் நம்பர் கேட்ட இடத்தில் வேறு வழியில்லாமல் என் ஜெர்மனி நம்பரைக் கொடுத்தேன். பாஸ்வேர்டை அவள் என் போனில் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருந்தாலும் அவள் கதவின் சாவி ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

போன வாரம் காலைப் பணியில், தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஆறு எண்கள் வந்து விழுந்தன. பின்னாலேயே பக்கத்து வீட்டு டீச்சர் போனிலிருந்து அக்கா. “வந்துச்சாடி?” மூன்று, ஒன்று, ஒன்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். யாருக்கு எழுதப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். அவள் வைத்துவிட்டாள். “வீட்டிலிருந்தா?” என்று பாட்டி ஜெர்மனில் கேட்டார். “யா” என்றேன். அன்றைக்கு நான் தமிழில் பேசியது அந்த ஆறு எண்கள்தான். கரண்டியை எடுத்துக்கொண்டு, மிச்ச நாள் முழுக்க ஜெர்மனில் பேசினேன்.